வீட்டில் ஒரு சர்வர்: மெய்நிகர் எந்திரமா, கன்டெய்னரா?

(சென்னீர்குப்பத்தில் மாணவர்களும் தோழர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சர்வர் என்கிற சொல்லை நம்ம ஜனங்க பெரும்பாலும் பேங்க் கவுண்டரில்தான் கேட்டிருக்காங்க. முதியோர் உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கிற ஆயாவிடம் 'சர்வர் டவுன், நாளைக்கு வா' என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிப் போகும். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து அதைச் சொல்கிற வேலை என்னுடையது. அதனால் அந்தச் சொல்லுக்கு இருக்கிற அதிகாரம் எனக்கு நல்லாத் தெரியும். மழை மாதிரி, சாமி மாதிரி, யாரும் கேள்வி கேட்க முடியாத ஒன்றாக அது ஆகிவிட்டது. ஆனால் சர்வர் என்பது ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கிற, ராவும் பகலும் அணைக்காமல் வைத்திருக்கிற ஒரு கம்ப்யூட்டர். அதை நம்ம வீட்டு அலமாரியிலும் நிறுத்தலாம்.

நிறுத்துவதற்கு ஒரு காரணம் வேண்டும். போன மாதம் ஒரு அண்ணன், தொண்ணூறுகளில் சிறுபத்திரிகை வேலை பார்த்தவர், ஒரு செருப்பு அட்டைப்பெட்டி நிறைய சி.டி.யும் ஃப்ளாப்பியும் கொடுத்தார். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990, 91க்குப் பிறகு தமிழில் எத்தனை தலித் இதழ்கள் வந்தன! அச்சுக்கோத்து ட்ரெடில் மிஷினில் அடித்த காலம் முடிந்து டி.டி.பி. வந்த சமயம் அது. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, ட்ரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, ஆஃப்செட்டுக்குக் கொடுப்பாங்க. இதழ் நின்று போச்சு, நடத்தினவங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. ஃபைல் மட்டும் பெட்டிக்குள் கெடக்குது. அதைத் திறந்து, நம்ம வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள் செல்போனில் படிக்கிற மாதிரி வைக்க வேண்டும். அதற்குத்தான் சர்வர்.

'கூகுள் டிரைவில் போட்டுட்டா முடிஞ்சு போச்சே அண்ணே' என்று ஒரு தங்கை கேட்டாள். போடலாம், ஒரு பிரதி அங்கேயும் இருக்கட்டும். ஆனால் யாகூ ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது எத்தனையோ பேருடைய இணையப் பக்கங்கள் மொத்தமாகப் போயின. யாகூ குழுமங்கள் 2020இல் மூடின. இரண்டு வருஷம் திறக்காத கணக்கை அழிக்கலாம் என்பது கூகுள் 2023இல் அறிவித்த விதி. அவன் இடம், அவன் விதி. இன்னொரு பக்கம் பாருங்க. அயோத்திதாசப் பண்டிதர் 1907இலிருந்து 1914இல் சாகும்வரை நடத்திய 'தமிழன்' நம்ம கைக்கு எப்படி வந்தது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீட்டில் கட்டிக் காத்ததால் வந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் அது புத்தகமாக வந்த பிறகுதான் என் தலைமுறை பண்டிதரைப் படித்தது. பாபாசாகேப் 1956இல் மறைந்தார். அவர் அச்சிடாமல் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகள் பெட்டிகளுக்குள் கிடந்தன. மராட்டிய அரசு முதல் தொகுதியைக் கொண்டுவந்தது 1979இல். வீடு என்பது நமக்கு எப்போதுமே ஆவணக் காப்பகமாகத்தான் இருந்திருக்கிறது. அலமாரியில் இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர், வித்தியாசம் அவ்வளவே.

எந்தக் கம்ப்யூட்டர்? அம்பத்தூர் பக்கம் எழும்பி நிற்கிற டேட்டா சென்டர்களை நினைத்து மலைக்காதீங்க. (அங்கே வாசலில் காவலுக்கு நிற்பது யார், உள்ளே கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம்.) நமக்கு 2011இல் தொடங்கி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் போதும். பல வீட்டில் பரண்மேல் இருக்கிறது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோசோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு. எல்காட் நிறுவனத்தை அதற்கு முன்பே லினக்சுக்கு மாற்றியவர் அப்போது நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர். 2010இல் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி அவரைப் பணியிடை நீக்கம் செய்து, பிறகு அதை ரத்து செய்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

லேப்டாப்பில் ஒரு வசதி: பேட்டரி உயிரோடு இருந்தால் அதுவே யு.பி.எஸ். கரண்ட் போனாலும் சர்வர் நிற்காது. (பேட்டரி உப்பியிருந்தால் கழற்றி எறியுங்க, தீப்பிடிக்கும்.) இன்னொன்று கரண்ட் பில். பழைய டெஸ்க்டாப் 60 வாட் இழுக்கிறது என்று வையுங்க. ராப்பகலாக இரண்டு மாசம் ஓடினால் 86 யூனிட். 2016இல் கொண்டுவந்த நூறு யூனிட் இலவசம் ஏறக்குறைய முழுசையும் அது ஒன்றே குடித்துவிடும், மிச்சத்தில் அம்மா ஃபேன் போட முடியாது. 20 வாட் லேப்டாப் என்றால் 29 யூனிட்டில் முடியும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆபீசில் கழித்த சின்ன டப்பாக் கம்ப்யூட்டர்கள் கிடைக்கும், அதுவும் சரி.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் தேடினால் ஒரு கட்சி 'எல்லாத்தையும் வி.எம்.மில் போடு' என்கிறது, இன்னொரு கட்சி 'வி.எம். காலம் போச்சு, கன்டெய்னர்தான்' என்கிறது. இரண்டும் என்ன?

கம்ப்யூட்டரில் கெர்னல் என்று ஒன்று உண்டு. மெமரி, டிஸ்க், ப்ராசசர் இந்த மூன்றையும் எந்த புரோகிராமுக்கு எவ்வளவு, எப்போது என்று பங்கு வைக்கிறவன் அவன். எந்த புரோகிராமும் அவனைக் கேட்காமல் எதையும் தொட முடியாது. மெய்நிகர் எந்திரம், அதாவது வி.எம்., என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் பொய்யாக இன்னொரு முழுக் கம்ப்யூட்டரை உண்டாக்குவது. பொய் டிஸ்க், பொய் நெட்வொர்க் கார்டு, எல்லாம் உண்டு. உள்ளே தனியாக ஒரு கெர்னல் ஏறி உட்காரும். தான் ஒரு தனி மிஷினில் ஓடுவதாகவே அது நம்பும். கன்டெய்னரில் அந்த நாடகம் கிடையாது. இருக்கிற ஒரே கெர்னலைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் எது கண்ணில் படலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று கெர்னலே தடுப்பு போட்டு வைக்கிறது.

ஒரே மனையில் தனித்தனி அஸ்திவாரம் போட்டு நாலு வீடு கட்டினால் வி.எம். ஒரே கூரையின் கீழ் நாலு கதவு வைத்த லைன் வீடு கன்டெய்னர். கதவும் பூட்டும் தனித்தனி, அஸ்திவாரம் ஒன்று. இதை விளக்கப் பொதுத் தண்ணீர்த் தொட்டியை உதாரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு நாக்கு வரவில்லை. 2022 டிசம்பர் வேங்கைவயலுக்குப் பிறகு அது உதாரணத்துக்கு எடுக்கிற பொருள் இல்லை.

இரண்டுமே பழைய சரக்குதான். வி.எம். அறுபதுகளில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது, 1972இல் விற்பனைக்கே வந்தது. அறை நிறைய நிற்கிற ஒரே மிஷின், அதை ஒவ்வொருத்தரும் தனக்கென்று ஒரு முழு மிஷின் இருக்கிற மாதிரி பயன்படுத்த வேண்டும், அதற்காகச் செய்தது. கன்டெய்னருக்கு வேர் 1979இல் யூனிக்சில் வந்த 'சிரூட்'. 2000இல் ஃப்ரீபி.எஸ்.டி. அதை வளர்த்து, பெயரே 'ஜெயில்' என்று வைத்தது. பெயர் வைத்தவர்கள் ஜெயிலுக்குப் போனவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். 2008இல் லினக்ஸ் கன்டெய்னர், 2013இல் டாக்கர் வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கூச்சல்.

கன்டெய்னர் என்கிற பெயர், பூந்தமல்லி பைபாசில் போகிற லாரிமேல் இருக்கிறதே, அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. உள்ளே என்ன சரக்கு என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை, பெட்டி ஒரே அளவாக இருந்தால் போதும். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது 1983இல். மூட்டை தூக்கிய கைகளுக்கு அது என்ன செய்தது என்பது ராயபுரம், காசிமேடு பக்கம் போனால் தெரியும். அதே 1983இல்தான் வங்கிகளில் எந்திரமயமாக்கலுக்கு எங்கள் சங்கங்கள் கையெழுத்துப் போட்டன. டாக்கர் என்ற சொல்லுக்குத் துறைமுகக் கூலி என்று அர்த்தம். கூலி போய்ப் பெயர் மிஞ்சியது.

சரி, நமக்கு எது?

தினசரி வேலைக்குக் கன்டெய்னர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நமக்கு என்ன ஓட வேண்டும்? புத்தகங்களை அடுக்கிக் காட்ட ஒரு நூலக மென்பொருள், நெட் இல்லாதபோதும் தமிழ் விக்கிபீடியா படிக்க கிவிக்ஸ், கூட்டக் குறிப்புகளும் படங்களும் வைக்க ஒரு கோப்புப் பெட்டி. இந்த மூன்றையும் மூன்று வி.எம்.மில் போட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு இயங்குதளம் வேண்டும். அரை ஜி.பி., ஒரு ஜி.பி. மெமரி ஒவ்வொன்றும் உட்காரும் முன்பே கேட்கும். பழைய அரசு லேப்டாப்பில் இருப்பதே 2 ஜி.பி. சோறு ஆக்குமுன்னே அடுப்பு எல்லா விறகையும் தின்றுவிடும். கன்டெய்னரில் இந்தச் செலவு கிடையாது, புரோகிராம் எவ்வளவு சாப்பிடுமோ அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு முந்தைய லேப்டாப்பில் மூன்றும் அமைதியாக ஓடும்.

அதுமட்டுமில்லை. கன்டெய்னருக்கான அமைப்பை ஒரே பக்கத்தில் எழுதி வைக்கலாம். எந்தப் பிம்பம், எந்தக் கதவு, எந்த ஃபோல்டர். நான் ட்ரான்ஸ்ஃபரில் போய்விட்டால் அந்தப் பக்கத்தைப் படித்து ஒரு பி.எஸ்சி. படிக்கிற பெண் திரும்ப ஓட்டிவிடுவாள். பிம்பத்தை ஒரு ஃபைலாகச் சேமித்து பென்டிரைவில் கொண்டுபோகலாம், நெட் இல்லாத கிராமத்து மாலைப்பள்ளியிலும் இறக்கலாம்.

ஆனால் கன்டெய்னரால் முடியாத ஒரு வேலை இருக்கிறது, அது நம்ம அட்டைப்பெட்டி. அந்தக் காலத்து ஃபைல்கள் யூனிகோடு இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எழுத்துரு விற்றது. ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் வடிவத்தைச் செருகுவார்கள். பாமினியில் ஆங்கிலச் சின்ன 'எம்' இருக்கிற இடத்தில் 'அ' உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் திறந்தால் ஒரு கவிதை முழுசும் கிறுக்கலாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 1999இல் 'டாம்', 'டாப்' என்று தரம் அறிவித்தது, 2010இல் யூனிகோடுக்கு வந்தது. அதற்குள் பத்து வருஷத்து எழுத்து பல பாஷை பேசிக்கொண்டிருந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இன்றைய இன்டிசைன் அந்த ஃபைலைத் திறக்காது. லிப்ரே ஆபீஸ் ஓரளவு திறக்கும், ஆனால் எழுத்தும் பக்கமும் கலைந்து கிடக்கும்.

அதைச் சரியாகத் திறக்க, பழைய விண்டோஸ் வேண்டும், அதில் பேஜ்மேக்கர் வேண்டும், அந்த எழுத்துருக்களும் வேண்டும். லினக்ஸ் கெர்னல்மேல் நிற்கிற கன்டெய்னருக்குள் விண்டோசை ஏற்ற முடியாது, வேறு கெர்னல். வி.எம்.மில் முடியும். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அரை ஜி.பி. மெமரி தாராளம். அது நம் அலமாரிக்குள் 2003ஆம் வருஷத்தையே உட்கார வைத்த மாதிரி. எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. அதனால் ஒரு கண்டிஷன்: அந்த வி.எம்.முக்கு நெட்வொர்க் கார்டே கொடுக்கக் கூடாது. சி.டி.யை உள்ளே காட்டுங்க, பக்கங்களை பி.டி.எஃப். ஆக்குங்க, வரிகளைத் தனியே எடுத்து இன்னொரு மெய்நிகர் டிஸ்கில் வெளியே கொண்டுவந்து யூனிகோடுக்கு மாற்றுங்க. வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்க. அணைத்த வி.எம். மெமரி கேட்காது, டிஸ்கில் ஒரு பெரிய ஃபைலாகச் சும்மா கிடக்கும்.

வாங்குவதற்கு முன், அல்லது பரணிலிருந்து இறக்கியதும், ஒன்றைப் பாருங்க. வி.எம். வேகமாக ஓட ப்ராசசரிலேயே ஒரு வசதி வேண்டும். இன்டெலில் அது 2005இல் வரத் தொடங்கியது, மலிவான மாடல் சிலவற்றில் வெகுநாள் கொடுக்காமலே விற்றார்கள். லினக்சில் சி.பி.யு. விவரத்தைத் திறந்து 'வி.எம்.எக்ஸ்.' அல்லது 'எஸ்.வி.எம்.' என்று இருக்கிறதா பாருங்க. இல்லையென்றால் பயாசில் அணைத்து வைத்திருக்கலாம், அங்கே போய் உயிர் கொடுங்க. கெர்னலிலேயே கே.வி.எம். 2007லிருந்து இருக்கிறது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வி.எம்.வேர் கம்பெனியை பிராட்காம் 2023இல் வாங்கி, அடுத்த வருஷமே இலவசப் பதிப்பை நிறுத்தியது, பிறகு 2025இல் மனசு மாறி மறுபடி கொடுத்தது. அப்படிப்பட்டவன் தயவில் நம்ம பெட்டியை வைக்க எனக்கு விருப்பமில்லை.

வி.எம்.முக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மாணவர்கள் இதைக் கேளுங்க. கம்ப்யூட்டர் கற்பது என்றால் உடைத்துப் பார்ப்பது. டிஸ்கைப் பிரிக்கணும், கெர்னலை மாற்றணும், பூட் ஆகாமல் தொங்கணும், அதிலிருந்து மீட்கணும். வீட்டில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவன் பிள்ளை ஒன்றை உடைத்தால் இன்னொன்றில் படிப்பான். நம்ம வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதை உடைத்தால் அக்காவுடைய ஆன்லைன் விண்ணப்பமும் சேர்ந்து போகும். அந்தப் பயத்தாலேயே நம்ம பிள்ளைகள் மவுசைத் தொட்டும் தொடாமலும் படித்து, இன்டர்வியூவில் 'நீயே எதையாவது இன்ஸ்டால் பண்ணியிருக்கியா' என்று கேட்டால் விழிக்கிறார்கள். வி.எம். என்றால் உடைக்கிறதுக்கு என்றே ஒரு முழு மிஷின். கெடுக்குமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள், கெடு, ஒரே நிமிஷத்தில் பழைய நிலைக்குத் திருப்பு, மறுபடியும் கெடு. கன்டெய்னரில் கெர்னல் பொதுவானது, அதைத் தொட்டுப் பழக முடியாது. எட்டு ஜி.பி. மிஷின் ஒன்று கிடைத்தால் ப்ராக்ஸ்மாக்ஸ் போடலாம். அதில் வி.எம்.மும் கன்டெய்னரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஆளுக்கொரு வி.எம். என்று இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம். கெர்னல் பொது என்பதால் அதில் ஓட்டை விழுந்தால் எல்லாக் கன்டெய்னருக்கும் ஆபத்து. 2016இல் 'டர்ட்டி கவ்' என்று ஒன்று, 2022இல் 'டர்ட்டி பைப்' என்று ஒன்று வந்தது. 2019இல் கன்டெய்னரை ஓட்டுகிற 'ரன்சி'யிலேயே ஓட்டை, உள்ளேயிருந்து வெளியே வந்துவிடலாம். வி.எம். சுவர் கெட்டி, ஆனாலும் சுவர்தான். 2015இல் 'வெனம்' என்று ஒன்று, பொய் ஃப்ளாப்பி டிரைவ் வழியாக உள்ளே இருப்பவன் வெளியே வரலாம் என்று காட்டியது. யாருமே பயன்படுத்தாத ஃப்ளாப்பி! அதனால் இரண்டிலும் திருத்தம் வரும்போது உடனே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளி உலகத்துக்குத் திறந்து வைக்கிற எதையும், யார் செய்தது என்று தெரியாத எதையும் தனி வி.எம்.மில் போடுங்க. நம்ம வைஃபைக்குள் மட்டும் ஓடுவது கன்டெய்னரில் இருக்கட்டும்.

ஒரு வார்த்தையில் ஜாக்கிரதை. எதாவது ஓடவில்லை என்றால் இணையத்தில் 'ப்ரிவிலெஜ்டு என்று சேர், ஓடும்' என்பான். ஓடும்தான். ஆனால் அந்தக் கன்டெய்னர் இனி மொத்த மிஷினையும் தொடலாம், எல்லாத் தடுப்பும் அதற்கு மட்டும் கிடையாது. நம்ம இடஒதுக்கீட்டைப் பார்த்துச் சலுகை, சலுகை என்கிறவர்களுக்கு, சலுகை என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல படம் இல்லை. அதேபோல டாக்கர் குழுவில் ஒருத்தரைச் சேர்த்தால் அவருக்கு ரூட் அதிகாரமே கொடுத்த மாதிரி. பத்துப் பேர் வந்துபோகிற இடத்தில் பாட்மேன் நல்லது, அதைச் சாதாரணப் பயனராகவே ஓட்டலாம்.

கடைசியாக ஒன்று, எந்தக் கட்சி ஜெயித்தாலும் இது மாறாது. கன்டெய்னருக்குள் எழுதியது, கன்டெய்னரை அழித்தால் சேர்ந்து அழியும். எனவே இதழ்கள், படங்கள், குறிப்புகள் எல்லாம் வெளியே ஒரு சாதாரண ஃபோல்டரில் இருக்க வேண்டும், கன்டெய்னர் அதை எட்டிப் பார்க்க மட்டும் செய்யட்டும். வி.எம்.மில் எடுத்த பி.டி.எஃப்.பும் அங்கேயே வரணும். அந்த ஃபோல்டருக்கு ஒரு பிரதி தனி ஹார்டு டிஸ்கில், அந்த டிஸ்க் வேறு வீட்டில். செம்பரம்பாக்கம் நமக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த நமக்கு ஏன் வேறு வீடு என்று விளக்க வேண்டியதில்லை. மாடி வீடாக இருந்தால் நல்லது. சர்வரையும் தரையில் வைக்காதீங்க, ஸ்லாப்மேல் வைங்க, காற்றுப் போகிற மாதிரி.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கேயே வேலையை ஆரம்பிக்கிறோம். முதலில் சி.டி.க்களைத் துடைத்து, எது இன்னும் படிக்கிறது என்று பார்த்துப் பட்டியல் போடணும். பரணில் லேப்டாப் இருந்தால் சார்ஜரோடு கொண்டுவாங்க, தெரியும் இல்லையா, சார்ஜர் இல்லாமல் எடுத்துவந்தால் திரும்ப நடக்கணும். பேஜ்மேக்கர் ஒரிஜினல் சி.டி., பழைய எழுத்துரு சி.டி. இருக்கிற டி.டி.பி. சென்டர்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்க, நான் நேரில் போய்ப் பார்க்கிறேன். ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றும் தேவைப்படுது, இன்னும் கிடைக்கவில்லை.